முப்பத்தாறு என்பார், நாற்பது வெட்டு

தகவல் தொழில்நுட்பச் சட்ட நிபுணரும், வணிக ஆலோசகரும், விசிட்டிங் கார்டின் முன்பக்கம் போதாமல் பின்பக்கத்திலும் பட்டங்களை அச்சடித்துக்கொண்டவருமான என் அன்புக் கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் இரண்டு தையல் மிஷின்களும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும், உங்கள் மடிக்கணினியும், பதினோரு நாளாக நான் கூப்பிட்டால் மட்டும் அடித்து அடித்து ஓய்ந்துபோகும் உங்கள் போனும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனை எடுக்காமல் இருந்துவிடலாம். கடிதத்தை என்ன செய்வீர்கள்? கையில் வாங்கியாக வேண்டும், வாங்கினால் பிரித்தாக வேண்டும், பிரித்தால் உங்களைப் போன்ற சட்டம் படித்தவருக்குப் பாதியில் நிறுத்த மனம் வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நீங்கள் நம் கடைக்காக எழுதிக் கொடுத்தீர்களே, 'வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்புக் கொள்கை', பத்தொன்பது பக்கம், அதைப் பற்றி "படிச்சுட்டீங்களா அண்ணி?" என்று கேட்டபோது, "வரிக்கு வரி படிச்சேன் தம்பி, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு" என்று சொன்னேன் அல்லவா? அது பொய். நான் படித்தது ஒரே ஒரு வரி. அந்த வரியில் இருந்தது 'முன்னுரை' என்ற ஒரே ஒரு சொல். ஆனால் தாள் பிரமாதமான தாள், கெட்டித் தாள். கடைகளில் கிடைக்கிற தாள் கத்தரி பட்டதும் துவண்டுவிடும், உங்கள் தாள் கொஞ்சமும் மடங்கவில்லை. அதனால் காலருக்கு, கைக்கு, அங்கியின் தோள்பட்டைக்கு என்று அச்சு வெட்டி, ஓட்டை போட்டு, ஆணியில் மாட்டிவிட்டேன். ஐந்தாவது வரை படித்தவளிடம் பத்தொன்பது பக்கத்தைக் கொடுத்தால் அதற்கு வேறு என்ன கதி? அந்த ஐந்திலும் நாலாவதை நான் இரண்டு தடவை படித்தவள். வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனமில்லை.

சரி, நடந்ததைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே சொல்கிறேன். தெரிந்த பாதி நீங்கள் செய்தது, தெரியாத பாதி நான் அனுபவித்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தையல் நேராக இருக்கிறதா என்று தெரியும்.

கடை இருக்கிற இடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நெற்றியில் வீக்கத்தோடு போனவராயிற்றே. நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் வக்கீல் சங்கக் கட்டிடம், அதன் மாடிப்படிக்குக் கீழே நம் அறை. பாதி அறையில் நிற்கலாம், மீதிப் பாதியில் உட்காரத்தான் முடியும். உயரமான வக்கீல்கள் ஏழாவது படியின் அடிப்பக்கத்தில் ஒரு இடி வாங்கிக்கொண்டுதான் அளவு கொடுப்பார்கள். இருபத்தோரு வருஷமாகக் கறுப்புக் கோட்டும் அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் தவிர வேறு எதையும் தைக்காத கை இது. போன தடவை நீங்கள் வந்தபோது, "மாசக் கடைசியோட அறை ஒப்பந்தம் முடியுது தம்பி, சங்கம் புதுப்பிச்சுக் குடுத்தாத்தான் கடை, இல்லைன்னா நானும் உங்கண்ணனும் மிஷினைத் தூக்கிக்கிட்டு தெருவுல நிக்க வேண்டியதுதான்" என்று சொன்னேன். "அதெல்லாம் புதுப்பிச்சுடுவாங்க அண்ணி, நீங்க ஒரு தப்பும் பண்ணலையே" என்று தைரியம் சொன்னீர்கள். நான் ஒரு தப்பும் பண்ணவில்லை என்பது அப்போது உண்மைதான். சொன்ன வாய் மூடுவதற்குள் மேஜைக்கடியில் இருந்த ஆறு அளவு நோட்டுகளைப் பார்த்துவிட்டீர்கள்.

"அண்ணி, இது என்ன?"

"அளவு நோட்டு தம்பி."

"இது நோட்டு இல்ல அண்ணி. இது தனிநபர் தரவு."

அந்த நோட்டைப் பார்த்துப் பயந்த முதல் ஆள் நீங்கள்தான். இதுவரை கரப்பான்கூடப் பயந்ததில்லை.

"இது தொலஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"இதுவரைக்கும் தொலஞ்சதில்லையே."

"அதான் ஆபத்து. தொலஞ்சதே இல்லைங்கறதால, தொலஞ்சா என்ன பண்ணணும்னு உங்ககிட்ட ஒரு திட்டமே இல்ல."

உங்கள் தொழில் என்ன என்று நீங்கள் வேலைக்குப் போன நாளிலிருந்து உங்கள் அண்ணன் எனக்கு விளக்கப் பார்த்து முடியாமல் போனது. அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குச் சுத்தமாக விளங்கிவிட்டது.

அப்புறம் எல்லாம் கல்யாண வேகத்தில் நடந்தது. கணினி வந்தது, அதற்கு ஒரு மேஜை வந்தது, மேஜை வைக்க இடமில்லாமல் உங்கள் அண்ணன் உட்காரும் முக்காலி வெளியே போனது, முக்காலியோடு உங்கள் அண்ணனும் வெளியே போனார். நோட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்ற டைப்பிஸ்ட் அம்மாவைக் கூப்பிட்டது நான்தான், அந்தப் பழி எனக்கு இருக்கட்டும். எதிரே நீதிமன்றத்தில் முப்பது வருஷம் சாட்சிகள் சொல்வதை டைப் அடித்து ஓய்வு பெற்ற அம்மாள். விரல் மழை மாதிரி விழும். ஆறு நோட்டையும் நாலே நாளில் ஏற்றி முடித்தார். "எல்லாம் ஏறிடுச்சாம்மா?" என்று கேட்டேன். "ஒரு புள்ளி விடல" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

நோட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லை தம்பி. அளவு நோட்டில் அளவுதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டீர்கள், படித்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். கோட்டு தைக்கிறவளுக்கு அங்குலம் பாதி, ஆள் பாதி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் உடம்பை நான் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வேன்? அதனால் அளவுக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும் புரிகிற மாதிரி, ஒரு குறிப்பு எழுதி வைப்பேன். 'வலது தோள் இறக்கம், பஞ்சு வை, கேட்டால் இப்போது இதுதான் மோஸ்தர் என்று சொல்.' 'வாதாடும்போது கையை ஓங்குவார், அக்குளில் இரட்டைத் தையல்.' 'உள்பாக்கெட் ஒன்று கூடுதல், பிஸ்கட்டுக்கு.' 'சொன்ன தேதிக்கு வரவே மாட்டார், அவசரப்படாதே, துணிக்கும் வாய்தா வாங்குவார்.' இப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்று. எழுதியதை நானே வெட்கப்பட்டு அடித்ததும் உண்டு. டைப்பிஸ்ட் அம்மா அடித்ததையும் விடவில்லை. ஒரு வக்கீலுக்கு இப்படி ஏற்றியிருந்தார்: 'கழுத்து பதினாறு, அடிக்கப்பட்டது, பதினேழு, அடிக்கப்பட்டது, கழுத்தே இல்லை, அடிக்கப்பட்டது, பதினேழரை.'

பிற்பாடு நான் போய், "ஏம்மா, அடிச்சதை எல்லாமா ஏத்துவீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டதற்கு அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் கோர்ட்டுல டைப் அடிச்சவ. சாட்சி தும்மினா தும்மலையும் அடிப்பேன். எது வேணும் எது வேணாம்னு முடிவு பண்ண நான் யாரு?"

இனிமேல்தான் உங்கள் கைவண்ணம். வாடிக்கையாளர் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டால் முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது முறை என்று நீங்களே சொன்னீர்கள். முப்பது நாள்! முப்பது நாளில் நான் ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்த்திருப்பேன். ஆனால் நீங்கள், "முப்பது நாள் எதுக்கு அண்ணி? நாம முப்பது நொடியில குடுப்போம். வியாபாரத்துல நம்பிக்கைங்கறது அதான்" என்று சொல்லி, கணினியே தானாக அனுப்பும்படி ஒரு விசையைத் தட்டிவிட்டீர்கள். தட்டிவிட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு அறிவிப்பையும் அனுப்பினீர்கள்: 'உங்களைப் பற்றி எங்களிடம் உள்ள அனைத்துத் தகவலையும் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பெற விரும்பினால் ஆம் என்று பதில் அனுப்பவும்.'

ஏன் தம்பி, வக்கீல்களுக்கு 'உரிமை உண்டு' என்று எழுதியனுப்பலாமா? மளிகைக்கடைக்காரருக்கு அனுப்பியிருந்தால் விளம்பரம் என்று அழித்திருப்பார். டாக்டருக்கு அனுப்பியிருந்தால் அவர் பார்த்திருக்கவே மாட்டார். வக்கீலுக்கு உரிமை என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், எதற்கு என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்வார். நாற்பது நிமிஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு 'ஆம்'. போன வருஷம் காலமான ஒருவரின் போனிலிருந்துகூட 'ஆம்' வந்தது, அவர் மகனும் வக்கீல்.

அன்றைக்கு மதியம் நான் ஒரு அங்கிக்குத் தோள்மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். மேலே வக்கீல்கள் உட்காரும் பெரிய அறையில் திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றுபோனது. அந்த அறையில் பேச்சு நின்று நான் கேட்டதே இல்லை. என்ன நடந்தது என்றால், சங்கத் தலைவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும், ஆனால் தனக்கு வரும் எதையும் தானே படிக்க மாட்டார். குமாஸ்தா படிக்க, இவர் கண்ணை மூடிக் கேட்பார். அது ஒரு கௌரவம். நம் கணினி அனுப்பியதை குமாஸ்தா எடுத்து, நாற்பது பேர் நடுவில், நீதிமன்றத்தில் ஆவணம் படிக்கிற அதே குரலில் படித்திருக்கிறார்: "தோள், பதினெட்டரை. கை, இருபத்தி நாலு. இடுப்பு, முப்பத்தாறு என்பார், நாற்பது வெட்டு. மூச்சை இழுத்துப் பிடிப்பார், நம்பாதே."

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். குமாஸ்தாக்கள் எதையும் பாதியில் நிறுத்துவதில்லை.

தலைவர் படி இறங்கி வந்தார். ஏழாவது படியில் இடித்துக்கொண்டார். அந்தக் கணக்கும் என் தலையில்தான் விழுந்தது. "இருபது வருஷமா உன்கிட்ட தைக்கறேன், என் முதுகுக்குப் பின்னாடி இதைத்தான் எழுதிட்டிருந்தியா?" என்று கேட்டார். "முதுகுக்குப் பின்னாடி இல்லீங்கய்யா, இடுப்பைச் சுத்தி" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய ஒரே வார்த்தை அது.

மறுநாள் ஏழு பக்க நோட்டீஸ். மின்னணு வழியில் அவதூறு, நம்பிக்கை மோசடி, அனுமதியின்றி உடல் சார்ந்த தரவு சேகரிப்பு, இன்னும் பெயரே வைக்கப்படாத இரண்டு குற்றங்கள். ஆகவே அறை ஒப்பந்தத்தை ஏன் புதுப்பிக்க வேண்டும் என்று புதன்கிழமை மதிய இடைவேளையில், நூலக அறையில், சங்கத்தின் முன்னால் நான் காரணம் காட்ட வேண்டும். உங்கள் அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் போய், ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். முப்பது வருஷமாகக் கூட வாழ்கிறேன், அந்த மனுஷன் பயந்தால் எண்ணெய் போடுவார். அன்றைக்கு இரண்டு மிஷினிலும் எண்ணெய் வழிந்து ஒரு கோட்டுத் துணி வீணானது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஐம்பது வயதுக்கு மேல் புது இடத்தில் போய், 'இங்கே ஒரு தையல்காரி இருக்கிறாள்' என்று யாருக்குச் சொல்லி, எப்போது பிழைப்பது?

உடனே உங்களைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒன்பது தடவை கூப்பிட்டேன். 'தம்பிக்குப் பெரிய பெரிய கம்பெனி வேலை' என்று உங்கள் அண்ணன் சமாதானம் சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம். கணினியைத் திறந்து யார் யார் 'ஆம்' அனுப்பினார்கள் என்று டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். வரிசையில் முதல் 'ஆம்' உங்களுடையது. வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டும் நான் தைத்ததுதானே, உங்கள் பெயரும் நோட்டில் உண்டு. உங்களுக்குப் போனதை டைப்பிஸ்ட் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார்: 'கொழுந்தனார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அளவு எடுக்கும்போது வாயில் குண்டூசி வைத்துக்கொள், பதில் சொல்ல வேண்டியிருக்காது.'

அதற்கா கோபம்? பாருங்கள், அது அன்பு. மற்றவர்களுக்கு நான் குண்டூசியை மேஜையில்தான் வைப்பேன்.

கோபத்தில் போன் எடுக்காதது போகட்டும். சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும் மின்னல் வேகத்தில் அனுப்பியிருக்கிறீர்கள்: 'மேற்படி தையல் நிலையத்தின் செயல்பாடுகளுக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.' மேற்படி தையல் நிலையம்! கணினி மாட்ட வந்த நாளெல்லாம் மேற்படி தையல் நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு, மேற்படி பாயில் படுத்துத் தூங்கிவிட்டுப் போனவர்!

புதன்கிழமை வந்தது. நூலக அறை நிறைந்து, வாசல் வரை கறுப்புக் கோட்டு. அத்தனையும் என் தையல். வேறு யாராவது அந்தக் கூட்டத்தைப் பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். நான் பார்த்ததும் மூன்று பேருக்குப் பொத்தான் தொங்குவதுதான் கண்ணில் பட்டது.

தலைவர் முதலில் கேட்டது உங்கள் கொள்கைத் தாளை. "தகவல் சேகரிச்சிருக்கீங்க. அதுக்கு எழுத்து மூலமா ஒரு கொள்கை இருக்கணும். இருக்கா?" "இருக்குங்கய்யா" என்று சொல்லி ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போன கொத்தை மேஜையில் வைத்தேன். காலர், காலர், கை, தோள்பட்டை. அப்புறம் நாலு வக்கீல்கள் குனிந்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். மூன்றாம் பிரிவு இடது காலரில் இருந்தது, நாலாம் பிரிவின் நடுவில் கழுத்து வளைவு போய்விட்டது, பதினோராம் பிரிவு வலது கையில் முழங்கைக்குக் கீழே. பத்தொன்பது பக்கத்தில் ஒரு எழுத்துகூட வெட்டுப்படாமல் முழுசாகத் தப்பித்தது ஒரே ஒரு வாசகம்: 'இக்கொள்கையால் ஏற்படும் எந்த விளைவுக்கும் இதனைத் தயாரித்த ஆலோசகர் பொறுப்பல்லர்.' அது எப்படித் தம்பி, கத்தரிக்குக்கூட உங்கள் மேல் ஒரு மரியாதை?

எனக்காகப் பேச எழுந்தவர் ஒரே ஒருவர். நாங்கள் 'ஒருதடவை அம்மா' என்று சொல்வோமே, அந்தப் பெண் வக்கீல். எதையும் ஒரு தடவைதான் சொல்வார், நீட்டமாட்டார். அவர் குறிப்பில் நான் எழுதியிருந்ததும் அதுதான்: 'ஒரு தடவைதான் சொல்வார், சொன்னது சரியாக இருக்கும்.' "இவங்க அனுப்பினது தலைவருக்கு மட்டும்தான். நாப்பது பேருக்குச் சொன்னது தலைவரோட குமாஸ்தா. அவதூறுன்னா, பரப்பினது யாரு?" என்றார். எல்லோரும் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பரப்பினது கிடக்கட்டும். எழுதினதே பொய்! என் இடுப்பு முப்பத்தாறு. இன்னைக்கும் முப்பத்தாறு!"

ஒருதடவை அம்மா மேஜையில் கிடந்த வலது கை அச்சைத் தூக்கிப் பிடித்தார். "தகவல் தப்புன்னா திருத்தித் தரச் சொல்லிக் கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. பதினோராம் பிரிவு. திருத்தறதுக்குச் சரியான அளவு வேணும். அவங்க கழுத்துல டேப் இருக்கு."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலைவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, அத்தனை பேர் பார்க்கிறார்களே. கோட்டைக் கழற்றிக் குமாஸ்தா கையில் கொடுத்தார். மூச்சை இழுத்தார். நான் டேப்பைச் சுற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, முப்பத்தாறு. ஒரு நூல் கூடக் குறைய இல்லை. "முப்பத்தாறு!" என்று நான் உரக்கச் சொன்னேன். அறையே கை தட்டியது. டேப்பை எடுத்துவிட்டால் கடை போச்சு.

அப்போது ஒருதடவை அம்மா மெதுவாகச் சொன்னார். "தலைவர் தன் வாதத்தைச் சொல்லி முடிக்கலாம். டேப் அப்படியே இருக்கட்டும்."

தலைவர் வாயைத் திறந்தார். "இந்த—" முப்பத்தேழு. அளவு எடுத்தால் வாய்விட்டுச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், உங்கள் அண்ணன் வெளியே உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அதனால் சொல்லிவிட்டேன். "என் பேருக்கு—" "முப்பத்தேழே முக்கால்." "களங்கம்—" "முப்பத்தெட்டரை." "சும்மா இரு!" அதற்கு ஒரு முழு அங்குலம். வக்கீல்கள் மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் தலைவர், இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், டேப் என் விரலை இழுத்துக்கொண்டு போனது. நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். "ஐயா, நீங்க சொன்னது சரிதான். நான் எழுதி வச்சது தப்பு. நாப்பது இல்ல, நாப்பத்தொண்ணே கால். திருத்திக்கறேன்."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ஆனால் சிரித்தால் வேலை ஆகிவிடுமா? சிரிப்பு அடங்கியதும் தலைவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, ரொம்ப அமைதியாக, "சிரிச்சாச்சா? ஓட்டுக்கு விடறேன்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வழக்கு ஜெயிக்கும்போது வருகிற குரல்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வழக்கு அவ்வளவாக இல்லாதவர், மூன்று வருஷத்துக்கு ஒரு கோட்டு தைப்பார். அந்தக் கூடத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "எனக்கு வந்ததையும் படிக்கலாமா?" என்று கேட்டார். அனுமதிக்குக் காத்திருக்காமல் போனைப் பார்த்துப் படித்தார்: "உள்ளே போடும் சட்டை முதுகில் கிழிந்திருக்கும். கோட்டைக் கழற்றச் சொல்லாதே. மேலேயே அளவு எடுத்து ஒன்றரை அங்குலம் கழி." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதினாலு வருஷமா, கோட்டுக்கு மேலேயே அளவெடுக்கறது உங்க முறைன்னு நெனச்சுட்டிருந்தேன்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

யாரும் மேஜையைத் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் போனை எடுத்து, அவரவர் குறிப்பை மறுபடி படிக்கிற மாதிரி தெரிந்தது. நான் டேப்பைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன்.

தலைவர் என்னை விரலால் பக்கத்தில் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "அப்போ, இத்தனை வருஷமா எனக்குத் தச்ச எல்லாக் கோட்டும் நாப்பதா?"

"ஆமாங்கய்யா."

"அதான் உட்காரும்போது நல்லா இருந்துச்சா." கோட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். "அடுத்ததை நாப்பத்திரண்டா வெட்டு. என்கிட்ட முப்பத்தாறுன்னே சொல்லு."

ஓட்டே எடுக்கவில்லை. அறை அடுத்த ஐந்து வருஷத்துக்கு எனக்குத்தான் என்று தீர்மானம். நிபந்தனைகள் இரண்டு. நோட்டு ஆறும் பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்க வேண்டும், இது எனக்கும் சம்மதம். கணினியில் ஏற்றிய குறிப்பெல்லாம் அங்கேயே, எல்லோர் கண் முன்னாலும் அழிக்கப்பட வேண்டும். தீர்மானத்தில் 'நாற்பத்தொன்றே கால்' என்று ஒரு இடத்தில் வந்துவிட்டதால், அதையும் ஒரே ஒரு பிரதி அச்சடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் அழித்துவிட வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். சங்கத்து அச்சு இயந்திரம் மை தீர்ந்து கிடந்தது, அதனால் நான் கீழே ஓடி, நீங்கள் கடைக்கு வாங்கி வைத்திருந்த ரசீது அடிக்கிற குட்டி மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தீர்மானம் இரண்டு முழ நீளத்துக்கு நாடா மாதிரி வந்தது. தலைவர் அடியில் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டார். டைப்பிஸ்ட் அம்மாவே வந்து மற்றதை ஒரு புள்ளி விடாமல் அழித்தார்.

ஆகவே கொழுந்தனாரே, நீங்கள் வந்து வாதாட வேண்டிய தேவை இல்லை. ஆலோசனையும் வேண்டாம், கொள்கையும் வேண்டாம். இனி கெட்டித் தாள் மட்டும் அனுப்பினால் போதும், எழுதாமல் அனுப்பினால் இன்னும் நல்லது, அச்சு வெட்டும்போது எழுத்து கண்ணைக் குத்துகிறது. கணினியை உங்கள் அண்ணன் வெளியே வைத்துவிட்டு, முக்காலியை உள்ளே கொண்டுவந்துவிட்டார். போனை எடுக்க இஷ்டமில்லை என்றால் எடுக்க வேண்டாம், எனக்கும் வாயில் குண்டூசி வைத்துக்கொள்கிற செலவு மிச்சம்.

என் ஓரகத்தியிடம், தலை வலித்தால் வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னேன் என்று சொல்லுங்கள், கணவரைக் குறைக்க முடியாது. குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் தொழில் விருத்தியாகட்டும், வாடிக்கையாளர்கள் பெருகட்டும், அவர்களில் ஒருவராவது நீங்கள் எழுதிக் கொடுப்பதைக் கடைசி வரை படிக்கட்டும். நீங்களும் எல்லா சௌபாக்கியத்தோடும் நாற்பத்தைந்து வயதுக்குள் இடுப்பு நாற்பதைத் தாண்டாமல் வாழ அண்ணியின் ஆசி.

இப்படிக்கு,
மேற்படி தையல் நிலையம்

பின்குறிப்பு: மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளவும். முதல் பஸ்ஸைப் பிடித்து வரவும். நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது, தீர்மானம் சுருண்டு சுருண்டு போகிறது, சட்டம் போட்டு மாட்ட வராது என்று உங்கள் அண்ணன் அதற்கு இஸ்திரி போட்டார். அந்த ரசீதுத் தாள் சூடு பட்டால் கறுக்கும் வகையாம். இப்போது இரண்டு முழமும் கையெழுத்தோடு சேர்த்து ஒரே கறுப்பாக இருக்கிறது. சுருக்கம் ஒன்றுகூட இல்லை.